769 ஓவியங்களில் ஓர் உயிர்

போனில் யாரோடாவது பேசிக்கொண்டே, கையில் கிடைத்த பேனாவால் பேப்பர் ஓரத்தில் கிறுக்குகிற பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் வட்டம், முக்கோணம், ஏணி, ஒற்றைக் கண், பாதி முகம் என்று பேப்பர் நிறைந்திருக்கும். 'இதையெல்லாம் நாமா போட்டோம்?' என்று நமக்கே ஆச்சரியமாக இருக்கும். வாய் ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கும்போது, மனசுக்குள் ஓடிய வேறு ஏதோ ஒன்று, நம்மிடம் அனுமதி கேட்காமலேயே விரல் வழியாக இறங்கி வந்து பேப்பரில் உட்கார்ந்துவிட்டது!

அந்தப் பேப்பரை நாம் என்ன செய்வோம்? கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தப் பாதி முகம் யாருடையது என்று உற்றுப் பார்ப்பதில்லை. பார்க்கக் கொஞ்சம் பயம் என்றுகூடச் சொல்லலாம்.

உற்றுப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்த ஒரு பெண்ணின் கதை இது. பெயர் சார்லோட் சாலமன். 1940-ல் அவளுக்கு 23 வயது. பிரான்சின் தெற்குக் கடற்கரையில், அகதியாக வந்து சேர்ந்த ஓர் ஊரில், ஒரே நாளில் அவளுடைய மொத்த வாழ்க்கையும் பொய் என்று ஆகிப்போனது. அன்றைக்கு அவள் முன்னால் இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, செத்துப்போவது. இன்னொன்று, யாரும் செய்யத் துணியாத ஏதாவது ஒரு காரியத்தைப் பைத்தியம் பிடித்தது போலச் செய்வது.

அவள் பெயின்ட்டையும் பிரஷ்ஷையும் எடுத்தாள்.

* * *

சார்லோட் பிறந்தது 1917 ஏப்ரல் 16-ம் தேதி, பெர்லின் நகரில். வசதியான, படித்த யூதக் குடும்பம். அப்பா ஆல்பர்ட் சாலமன் பெயர்பெற்ற சர்ஜன். மார்பகப் புற்றுநோயை எக்ஸ்ரே மூலம் பார்க்க முடியும் என்று உலகுக்கு முதலில் சொன்னவர் அவர்தான். ஆபரேஷன் செய்து அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, 1913-ல் தன் ஆராய்ச்சியை வெளியிட்டார். இன்றைக்கு நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எடுக்கப்படும் 'மேமோகிராம்' பரிசோதனைக்கு அதுதான் பிள்ளையார்சுழி.

உடம்புக்குள் ஒளிந்திருப்பதைப் பார்க்க வழி கண்டுபிடித்த அந்த டாக்டரின் வீட்டில், மனசுக்குள் ஒளிந்திருப்பதைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

அதே 1913-ல், சார்லோட்டின் அம்மா ஃபிரான்சிஸ்காவுடைய தங்கை, வீட்டை விட்டு இருட்டில் இறங்கி நடந்துபோய் ஏரியில் மூழ்கி உயிரை விட்டாள். அந்தத் தங்கையின் பெயர் என்ன தெரியுமா? சார்லோட்! இறந்துபோன சித்தியின் பெயரைத்தான் நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தைக்கு வைத்தார்கள். எப்படி இறந்தாள் என்பதை மட்டும் குழந்தையிடம் சொல்லவில்லை.

ஃபிரான்சிஸ்கா மென்மையானவள். பியானோ வாசிப்பாள், பாடுவாள், திடீரென்று சோகத்தில் உறைந்து போவாள். மகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு சொர்க்கத்தைப் பற்றிக் கதை சொல்லுவாள். அங்கே எல்லாம் ரொம்ப அழகாக இருக்குமாம். அம்மா ஒருநாள் அங்கே போய் தேவதையாகிவிடுவாளாம். போனதும், அந்த இடம் எப்படியிருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து ஜன்னல் விளிம்பில் வைப்பாளாம். குழந்தைக்கு ஒரே குஷி. நம் வீட்டுக் குழந்தைகள், வெளிநாடு போகிற மாமா சாக்லேட் கொண்டுவருவார் என்று காத்திருக்குமே, அந்த மாதிரி!

1926-ல், சார்லோட்டுக்கு ஒன்பது வயது முடியும் முன்பே அம்மா போய்விட்டாள். 'இன்ஃப்ளூயன்சா காய்ச்சல்' என்று குழந்தையிடம் சொன்னார்கள். உண்மையில் ஃபிரான்சிஸ்கா ஜன்னலிலிருந்து குதித்துத் தன் உயிரை முடித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை அந்த விஷயம் எதுவும் தெரியாமல், வேறொரு ஜன்னலின் விளிம்பை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கடிதம் வரவேயில்லை.

* * *

1930-ல் அப்பா மறுமணம் செய்துகொண்டார். புது மனைவி பவுலா லிண்ட்பெர்க், மேடைகளில் புகழ்பெற்றிருந்த பாடகி. 'சித்தி' என்றாலே கொடுமைக்காரி என்று நினைக்கப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வித்தியாசமான கதை. சார்லோட் இந்தச் சித்தியைப் பைத்தியமாக நேசித்தாள். வீடு முழுக்க மறுபடி சங்கீதம் கேட்டது.

மூன்றே ஆண்டுகள்தான். 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான்.

அப்புறம் எல்லாம் வரிசையாக நடந்தன. அப்பாவின் பல்கலைக்கழக வேலை போயிற்று. பவுலாவுக்கு மேடைகள் மூடப்பட்டன. யூதர்கள் யூதர்களுக்காக மட்டும் நடத்தும் நிகழ்ச்சிகளில் பாடலாம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் அவமானம் தாங்காமல் சார்லோட் படிப்பை நிறுத்திவிட்டாள்.

ஆனால், படம் வரையும் ஆசை மட்டும் போகவில்லை. பெர்லின் அரசு ஓவியக் கல்லூரியில் இடம் கேட்டாள். யூத மாணவர்களுக்கு நூற்றுக்கு ஒன்றரை இடம்தான், அதுவும் அப்பா முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகப் பணியாற்றியிருந்தால்! ஆல்பர்ட் சாலமன் பணியாற்றியிருந்தார். 1936-ல் இடம் கிடைத்தது. சேர்க்கைக் குழு தன் பதிவேட்டில் எழுதிவைத்த காரணம்தான் வேடிக்கை. இந்தப் பெண் ரொம்ப அடக்கமானவள், கூச்ச சுபாவம். ஆகவே ஆரிய மாணவர்கள் இவளிடம் மயங்கிவிடும் 'ஆபத்து' இல்லையாம்!

அந்தக் காலத்து ஜெர்மனியில் ஓவியம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அரசாங்கமே முடிவு செய்தது. கட்டுமஸ்தான உழவன், பால் கொடுக்கும் தாய், வெற்றி வீரன் என்று எல்லாம் பளபளவென்று, நேர்கோட்டில், ஆரோக்கியமாக இருக்க வேண்டும். மனக்குழப்பம், பயம், தனிமை இதையெல்லாம் வரைகிறவன் நோயாளி. 1937-ல் மியூனிக் நகரில் 'சீரழிந்த கலை' என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். மியூசியங்களிலிருந்து பறிமுதல் செய்யப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்ட நவீன ஓவியங்கள், சிற்பங்களைத் தாறுமாறாக மாட்டி, பக்கத்திலேயே கிண்டல் வாசகங்களை எழுதிவைத்தார்கள். பார்த்துச் சிரிக்க வந்த கூட்டம் சுமார் 20 லட்சம். அடுத்த ஆண்டு அந்தக் கண்காட்சி பெர்லினுக்கும் வந்தது.

ஒரு சர்வாதிகாரிக்கு, உள்ளே திரும்பிப் பார்க்கிற ஓவியன்மேல் ஏன் இவ்வளவு கோபம்? யோசித்தால் புரியும். எல்லோரும் ஒரே மாதிரி கை தூக்கி, ஒரே மாதிரி கோஷம் போட வேண்டிய இடத்தில், 'எனக்குள் என்ன நடக்கிறது?' என்று ஒருத்தன் கேட்க ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும்!

1938-ல் கல்லூரியில் ஒரு போட்டி. படங்களில் பெயர் எழுதக் கூடாது, படத்தை மட்டும் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். முதல் பரிசுக்குத் தேர்வான படம் சார்லோட்டுடையது. பெயர் தெரிந்ததும் நடுவர்கள் திகைத்துப்போனார்கள். ஒரு யூதப் பெண்ணை மேடையேற்றிப் பரிசு கொடுப்பதாவது! பரிசு அவளுடைய தோழிக்குப் போனது. சார்லோட் அதன்பின் அந்தக் கல்லூரிப் பக்கமே போகவில்லை.

* * *

இந்த நேரத்தில்தான் அவள் வாழ்க்கையில் இன்னொரு மனிதர் வந்தார். பவுலாவுக்குக் குரல் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த ஆல்ஃபிரெட் வோல்ஃப்ஸோன்.

வோல்ஃப்ஸோன் ஒரு விசித்திரமான ஆசாமி. முதல் உலகப்போரில், அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வரும் வேலை பார்த்தவர். பதுங்குகுழிகளில் செத்துக்கொண்டிருந்த சிப்பாய்களின் அலறல் போர் முடிந்த பிறகும் அவர் காதை விட்டுப் போகவில்லை. எந்த டாக்டராலும் குணப்படுத்த முடியாத அந்த அலறலைத் தானே வாய்விட்டுப் பாடிப் பாடி வெளியேற்றிக்கொண்டார். அதிலிருந்து அவருக்கு ஒரு சித்தாந்தம் பிறந்தது. தனக்குள்ளே இறங்கிப் போனவனால்தான் தன்னைவிட்டு வெளியே வர முடியும். வாழ்க்கையை முழுசாக நேசிக்க வேண்டுமானால், அதன் மறுபக்கமான மரணத்தையும் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும்.

யாரிடமும் அதிகம் பேசாத அந்தப் பெண்ணின் படங்களைப் பார்த்து, 'உன்னிடம் ஏதோ இருக்கிறது' என்று நம்பிய முதல் மனிதர் அவர். தன்னைவிட இருபது வயது பெரிய அவரைச் சார்லோட் காதலித்தாள். அவர் பதிலுக்குக் காதலித்தாரா என்பது வேறு விஷயம்.

1938 நவம்பர் 9. ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளும் கோயில்களும் அடித்து நொறுக்கப்பட்ட இரவு. அதைத் தொடர்ந்து அப்பாவைச் சாக்ஸன்ஹாசன் வதைமுகாமுக்கு இழுத்துப் போனார்கள். பவுலா எங்கெங்கோ அலைந்து, யார் யாரையோ பிடித்து அவரை மீட்டுக்கொண்டு வந்தார். திரும்பி வந்தவர் எலும்பும் தோலுமாக இருந்தார். இனி தாமதிக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. 1939 ஜனவரியில், தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவதுபோலச் சார்லோட்டைப் பிரான்சுக்கு ரயிலேற்றினார்கள். அப்பாவும் பவுலாவும் பிறகு ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பினார்கள்.

அந்த ரயில்வே பிளாட்பாரத்தோடு அப்பாவையும் பவுலாவையும் வோல்ஃப்ஸோனையும் பார்ப்பது முடிந்தது. அவள் அவர்களை மறுபடி பார்க்கவேயில்லை.

* * *

நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் வில்ஃபிரான்ஷ் என்ற கடலோர ஊர். ஒட்டிலி மூர் என்ற பணக்கார அமெரிக்கப் பெண்மணி தன் பங்களாவில் அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்துவந்தார். அம்மாவைப் பெற்ற தாத்தாவும் பாட்டியும் அங்கேதான் இருந்தார்கள். நீலக் கடல், எலுமிச்சை மரங்கள், சுள்ளென்ற வெயில் என்று பார்ப்பதற்குச் சொர்க்கம் மாதிரியான இடம்.

செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் ஆரம்பித்ததும் பாட்டி நிலைகுலைந்தாள். தற்கொலைக்கு முயன்று, எப்படியோ காப்பாற்றப்பட்டாள். அந்தக் களேபரத்தில்தான் தாத்தா, ஆத்திரமும் அலுப்புமாக, பேத்தியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

உன் அம்மா காய்ச்சலில் சாகவில்லை. உன் சித்தியும் நோயில் சாகவில்லை. அதோடு நின்றதா? பாட்டியின் சகோதரன், சகோதரி, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று பட்டியல் நீண்டது. அத்தனை பேரும் தாங்களாகவே போய்ச் சேர்ந்தவர்கள்.

நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று ஆண்டுகளாக ஒரு குழந்தை 'காய்ச்சல்' என்று நம்பிக்கொண்டிருந்த விஷயம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது! இதைக் கேட்டவுடன் எந்தப் பெண்ணுக்கும் தோன்றக்கூடிய அடுத்த கேள்வி ஒன்றுதானே? 'அப்படியானால் நான்?'

பாட்டியை மீட்டுவிட வேண்டும் என்று சார்லோட் போராடினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, பீத்தோவனின் ஆனந்தப் பாட்டைப் பாடினாள். வெயிலைப் பார், பூவைப் பார் என்று கெஞ்சினாள். 1940 மார்ச் மாதம், பாட்டி ஜன்னலிலிருந்து குதித்துவிட்டாள். அம்மாவைப் போலவே!

அத்தோடும் விடவில்லை விதி. ஜெர்மனியின் படைகள் பிரான்சுக்குள் நுழைந்ததும், பிரெஞ்சு அரசு 'ஜெர்மன்காரர்கள் எல்லாம் எதிரிகள்' என்று சொல்லிச் சார்லோட்டையும் தாத்தாவையும் பிரனீஸ் மலையடிவாரத்தில் இருந்த கூர்ஸ் முகாமில் அடைத்தது. ஜெர்மனியில் யூதர் என்று விரட்டினார்கள், பிரான்சில் ஜெர்மன் என்று பிடித்தார்கள்! தாத்தாவின் தள்ளாமை காரணமாகக் கொஞ்ச நாளில் இருவரையும் விடுவித்தார்கள்.

திரும்பி வந்தவள் ஏறக்குறைய நடைப்பிணம். தாத்தாவோ பரிவுள்ள மனிதர் இல்லை. இந்தப் புலம்பலுக்கு ஒரு முடிவு வர நீயும் உன்னை முடித்துக்கொள்ளேன் என்கிற அளவுக்குப் பேசியவர். சார்லோட்டின் ஓவியத்திலேயே இது இருக்கிறது.

உள்ளூர் டாக்டர் ஒருவர், மொரிடிஸ் என்று பெயர், அவளைப் பார்த்தார். மருந்து எழுதித் தரும் மனிதர், இவளுக்கு எழுதித் தந்த மருந்து வேறு. 'படம் வரை.'

* * *

அவள் வரைய ஆரம்பித்தாள். சாதாரணமாக அல்ல. பிறகு தாத்தாவை விட்டு விலகி, பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஹோட்டலில் தனியறை எடுத்துக்கொண்டு, சோறு தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வரைந்தாள். வரையும்போது எப்போதும் ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள் என்று ஹோட்டலை நடத்திய பெண்மணி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

சுமார் இரண்டே ஆண்டுகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள்! ஒவ்வொன்றும் ஏறக்குறைய நோட்டுப் புத்தகப் பக்க அளவு. குவாஷ் என்கிற வண்ணம், நம் ஊர் போஸ்டர் கலர் மாதிரி தண்ணீரில் கரைத்துப் பூசுவது. சிவப்பு, நீலம், மஞ்சள். இந்த மூன்றையே கலந்து கலந்து எல்லா நிறங்களையும் உண்டாக்கிக்கொண்டாள். கடைசியில் அவற்றிலிருந்து 769-ஐத் தேர்ந்தெடுத்து, எண் போட்டு அடுக்கினாள். நூற்றுக்கணக்கான படங்களின்மேல் மெல்லிய டிரேஸிங் பேப்பரை ஒட்டி, அதில் வசனம் எழுதினாள். எந்தப் படத்தைப் பார்க்கும்போது எந்த மெட்டை மனசுக்குள் பாட வேண்டும் என்றும் குறிப்பு கொடுத்தாள். பாக்கின் இசை, 'கார்மென்' ஆபராவின் பாட்டு, பள்ளிக்கூடப் பாட்டு... முன்னுரை, நடுப்பகுதி, முடிவுரை என்று மூன்று பாகங்கள். சினிமா, நாடகம், காமிக்ஸ், நாவல், டைரி எல்லாம் ஒரே பெட்டிக்குள்!

தலைப்பு: 'வாழ்க்கையா? அல்லது நாடகமா?'

கவனித்தீர்களா? இரண்டு கேள்விக்குறி.

ஓவியம் வரைந்தால் மனசு லேசாகும், டென்ஷன் குறையும் என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கென்றே கலரிங் புத்தகங்கள் விற்கின்றன. தப்பில்லை. ஆனால் சார்லோட் செய்தது மனசை லேசாக்குகிற காரியமில்லை. எந்த இடத்தைத் தொட்டால் வலிக்குமோ, அந்த இடத்தைத் தேடித் தேடிப் போய்த் தொட்டாள்.

முதல் காட்சியே, தான் பிறப்பதற்கு முன்பு சித்தி இருட்டுத் தெருவில் இறங்கி ஏரியை நோக்கி நடந்த அந்த இரவுதான். அவள் பார்க்காத காட்சி! அடுத்து, அம்மா ஜன்னலருகே நிற்கும் காட்சி. அதையும் அவள் பார்த்ததில்லை. அவளுக்குச் சொல்லாமல் மறைத்தார்களே, அதனால் அதைத் தானே வரைந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஜன்னல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சின்னப் பெண் கடிதத்துக்குக் காத்திருக்கும் ஜன்னல், அம்மாவின் ஜன்னல், பாட்டியின் ஜன்னல்.

இன்னொரு தந்திரமும் செய்தாள். 'நான்' என்று எங்கேயும் சொல்லவில்லை. கதாநாயகிக்குச் சார்லோட் கான் என்று பெயர். பவுலாவுக்கும் வோல்ஃப்ஸோனுக்கும் தாத்தா பாட்டிக்கும்கூடச் சற்றே கேலியான மாற்றுப் பெயர்கள். தன்னையே மேடையில் ஏற்றிவிட்டு, தான் இறங்கி வந்து ஆடியன்ஸில் உட்கார்ந்துகொண்டாள். நம் துக்கத்தை நாமே அனுபவிக்கும்போது அது நம்மை மூழ்கடிக்கிறது. 'அதோ, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு?' என்று பக்கத்து வீட்டு ஜன்னலில் பார்ப்பதுபோலப் பார்க்க முடிந்தால்? அப்போது அழுகையோடு சிரிப்பும் வருகிறது. ஆமாம், இந்த ஓவியங்களில் நிறைய நகைச்சுவை இருக்கிறது!

அது மட்டுமல்ல. ஒவ்வொருவரையும் வரைய, அவள் அந்த ஒவ்வொருவராகவும் மாற வேண்டியிருந்தது. அம்மாவின் வெறுமை, பாட்டியின் பயம், பவுலாவின் கர்வம், காதலனின் பித்து. அவர்கள் எல்லோருடைய பாதையிலும் நடந்து முடித்துத்தான் 'நான்' ஆனேன் என்ற கருத்தை அவளே எழுதிவைத்திருக்கிறாள். தன்னைத் தேடிப் போனவள் கண்டுபிடித்தது ஒரு கூட்டத்தை!

பக்கங்களைப் புரட்டப் புரட்ட ஓவியமும் மாறுகிறது. குழந்தைப் பருவத்துப் படங்களில் மேஜை விரிப்பு, சுவர்க்காகிதம், கிறிஸ்துமஸ் மரம் என்று நுணுக்கமான வேலைப்பாடு. காதல் பகுதியில், ஒரே பக்கத்தில் வோல்ஃப்ஸோனின் முகம் வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்ப! பேசிக்கொண்டேயிருக்கும் ஒருவரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த கண்களின் ஞாபகம் அது. கடைசிப் பகுதி வரும்போது கோடுகள் அவசரமாகின்றன. உருவங்கள் கரைகின்றன. சில பக்கங்களில் படமே இல்லை, பிரஷ்ஷால் கொட்டை எழுத்தில் எழுதிய சொற்கள் மட்டும். நேரம் குறைவு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கல்லூரியில் சொல்லிக்கொடுத்த 'ஆரோக்கியமான' ஓவியம் இதில் மருந்துக்கும் இல்லை. எந்தக் கலையைச் சீரழிந்தது என்று பார்த்துச் சிரித்தார்களோ, அந்தக் கலைதான் அவளைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருந்தது.

* * *

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால், அழகான, ஆறுதலான கதை. ஆனால் சரித்திரம் அப்படியெல்லாம் நமக்கு வசதியாக நிற்பதில்லை.

தாத்தாவைக் கவனித்துக்கொள்கிறவள் என்ற பேரில்தான் அவளுக்குப் பிரான்சில் தங்க அனுமதி. ஆகவே அவரிடமே திரும்ப வேண்டியிருந்தது. 1943 பிப்ரவரியில் தாத்தா நீஸ் நகரத்தில் இறந்தார். அதே மாதம் சார்லோட், வோல்ஃப்ஸோனை நினைத்து, பிரஷ்ஷால் ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. குடும்பத்தினர் அதைப் பல பத்தாண்டுகள் வெளியே காட்டவில்லை. 2015-ல் முழுமையாக அச்சில் வந்தபோது படித்தவர்கள் அதிர்ந்தார்கள். தாத்தாவுக்கு ஆம்லெட்டில் தூக்க மருந்தைக் கலந்து கொடுத்ததாக அதில் எழுதியிருந்தாள்!

நிஜமாகவே கொடுத்தாளா? அல்லது மனசுக்குள் நடந்த கொலையா? ஆய்வாளர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாழ்க்கையா, நாடகமா என்ற அவளுடைய கேள்வி அவளையே திரும்பி வந்து பிடித்துக்கொண்டது. தனக்குள் இறங்கிப் போகிறவர்கள் அங்கே நல்லதை மட்டுமே கண்டெடுப்பார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கண்டதை ஒளிக்காமல் எழுதினாள் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

1943 ஜூன் 17. ஆஸ்திரியாவிலிருந்து வந்த அலெக்ஸாண்டர் நாக்லர் என்ற அகதியை மணந்தாள். அதுவரை அந்தப் பகுதி இத்தாலியப் படைகளின் பிடியில் இருந்தது. யூதர்களைப் பிடித்துக் கொடுப்பதில் இத்தாலியர்களுக்கு ஆர்வமில்லை. செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. உடனே ஜெர்மன் படை உள்ளே வந்தது. கூடவே, யூதர்களை வேட்டையாடுவதில் பேர்போன அலாய்ஸ் புரூனர்.

அதற்கு முன்பே சார்லோட் தன் ஓவியங்களையெல்லாம் கட்டி, டாக்டர் மொரிடிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். இதுதான் தன் மொத்த வாழ்க்கை, பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

செப்டம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் கணவன் மனைவி இருவரையும் வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். அக்டோபர் 7-ம் தேதி ரயில் புறப்பட்டது. அக்டோபர் 10, ஆஷ்விட்ஸ். அன்றைக்கே விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அப்போது அவளுக்கு 26 வயது. வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை.

தன் குடும்பத்துப் பெண்கள் போன வழியில் போக மாட்டேன் என்று 769 முறை மறுத்தவள் அவள். வாழ்வது என்று முடிவெடுத்து, கல்யாணம் செய்து, ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தவள். அவளை ஓர் அரசாங்கம் ரயிலேற்றிக் கொண்டுபோய்க் கொன்றது. ஓவியத்தால் அவளுக்குள் இருந்த மரணத்தை ஜெயிக்க முடிந்தது. வெளியே துப்பாக்கியோடு வந்த மரணத்தை அதனால் என்ன செய்ய முடியும்?

அப்பாவும் பவுலாவும் ஹாலந்தில் ஒளிந்திருந்து உயிர் தப்பினார்கள். 1947-ல் வில்ஃபிரான்ஷுக்கு வந்தார்கள். மகள் எப்படி வாழ்ந்தாள் என்று தெரிந்துகொள்ள ஏதாவது கிடைக்குமா என்ற ஏக்கம். டாக்டர் காப்பாற்றி வைத்து ஒட்டிலி மூரிடம் ஒப்படைத்திருந்த ஓவியக் கட்டை மூர் எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்த ஆல்பர்ட்டின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? மகளிடம் அவர் மறைத்த அத்தனையும், வண்ணத்தில், வரிசை எண்ணோடு, அவர் கையில்! எக்ஸ்ரேயைவிடக் கொடுமையான படங்கள்.

அவற்றை அவர்கள் அழிக்கவில்லை. 1961-ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் கண்காட்சி நடந்தது. 1971-ல் அங்குள்ள யூத வரலாற்று மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

கடைசிப் படத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஒரு பெண் கடலைப் பார்த்து மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நமக்கு அவள் முதுகுதான் தெரிகிறது. கையில் பிரஷ், மடியில் பேப்பர். அந்தப் பேப்பர் வெறும் பேப்பர் இல்லை, கண்ணாடி மாதிரி. அதன் வழியாகக் கடல் தெரிகிறது. அவள் முதுகில் அந்தத் தலைப்பு எழுதியிருக்கிறது: வாழ்க்கை அல்லது நாடகம்.

அங்கே கேள்விக்குறிகள் இல்லை.

அவள் வரையத் தொடங்கும் தருணம் அது. கதை முடிகிற இடத்தில்தான் முதல் ஓவியம் ஆரம்பிக்கிறது.

அடுத்த தடவை போன் பேசி முடித்துவிட்டு அந்தப் பேப்பரைக் கசக்கப் போகும்போது, ஒரு நிமிஷம் விரித்துப் பாருங்கள். அந்தப் பாதி முகம் யார் என்று.